தொட்டிலுக்காக மறைத்த வெளிச்சம்

கலங்கரை விளக்கத்தின் உச்சியில், கண்ணாடி அறையைச் சுற்றித் தொங்கிய திரைகளுக்கு என்ன நிறம் என்று கேட்டால் எனக்கு இன்றும் சரியாகச் சொல்ல வராது. வாங்கியபோது வெள்ளையாக இருந்திருக்கும். நான் தொட்டுப் பார்த்தபோது கஞ்சித் தண்ணீரின் நிறத்துக்கு வந்திருந்தது. கனத்த துணி, உப்புக்காற்றில் மொரமொரவென்று விறைத்திருந்தது. பகலில் அவற்றை இழுத்து மூடி வைப்பார்கள். வெயில் உள்ளே விழுந்தால், நடுவில் நிற்கும் பெரிய லென்ஸ் அதைக் குவித்து எதையாவது பொசுக்கிவிடுமாம். சாயங்காலம் விளக்கைப் போடுவதற்கு முன்னால் கடல் பக்கத்துத் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி விடுவார்கள். நான் அம்மையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்த அறையில் நின்றேன். அவள் லென்ஸையும் பார்க்கவில்லை, கீழே விரிந்து கிடந்த கடலையும் பார்க்கவில்லை. மீன் வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலத் திரையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, வெளிச்சம் தாண்டாத நல்ல துணிதான் என்று திருப்திப்பட்டுக் கொண்டாள்.

இப்போது எங்கள் ஊர் லைட்ஹவுஸைப் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். கம்பியில் சாய்ந்து நின்று செல்ஃபி எடுத்து, கடலோடிகளின் நம்பிக்கை நட்சத்திரம் என்றெல்லாம் எழுதிப் போடுகிறார்கள். எழுதட்டும், தப்பில்லை. அந்த நட்சத்திரத்தின் ஒரு பக்கத்தைக் கொஞ்ச நாள் அணைத்து வைத்திருந்தவள் என் அம்மை என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் இதை எழுதுவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. போனில் கேட்டதற்கு, "எழுது, ஆனா பேரு போடாத, மருமவ வீட்டுக்காரங்க படிப்பாவ" என்றாள்.

மணவாளக்குறிச்சியில் பஸ் ஏறினால் கறுத்த மணல் கண்ணை விட்டு மறைவதற்குள் வந்துவிடும் ஊர் எங்களுடையது. அம்மை மீன் விற்கிறவள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போவாள், திருநாள் நெருங்கினால் வடசேரி சந்தை வரைக்கும் போவாள். அவளோடு பேரம் பேசி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. சாளை வாங்க வந்த மனிதரை அயிலை வாங்கிக்கொண்டு போக வைப்பாள், அவரும் ஏதோ லாபம் கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டே போவார். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். அம்மை பேசுகிற வீட்டில் இன்னொருவர் பேச இடமும் இல்லை.

எங்கள் வீடு லைட்ஹவுஸ் நிற்கும் பாறைக்குன்றுக்கு வடமேற்கே, கொஞ்சம் மேடான இடத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பூவரச மரம் நின்றதால் வெளிச்சம் வீட்டுக்குள் வந்ததில்லை. தம்பி பிறந்த வருடம் வைகாசிக் காற்று அந்த மரத்தை வேரோடு சாய்த்துவிட்டது. அன்று சாயங்காலமே லைட் ஜன்னல் வழியாக நேராக உள்ளே வந்தது. ஒரு வீச்சு சுவரில் ஏறி, தொட்டிலைத் தடவி, மறுசுவரில் இறங்கிப் போகும். போய்விட்டது என்று கண்ணை மூடினால் திரும்ப வரும். தம்பி ஒவ்வொரு வீச்சுக்கும் கண்ணைத் திறந்தான், திறந்ததும் அழுதான். ஜன்னலைச் சாத்தினால் காற்றில்லாமல் வியர்த்து இன்னும் பலமாக அழுதான். அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் ஜன்னல். பகல் முழுக்க வெயிலில் நடந்து திரும்பும் அம்மை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர் சுவராகச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கூடையை இறக்கி வைத்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு லைட்ஹவுஸுக்கு நடந்தாள்.

அங்கே பொறுப்பில் இருந்தவரை ஊரில் எல்லோரும் லைட்ஹவுஸ் சார் என்றுதான் சொல்வார்கள். நாஞ்சில் நாட்டு வயல்பக்கத்துக்காரர். அய்யாவழிக் குடும்பம், நெற்றியில் எப்போதும் வெள்ளை நாமம் இருக்கும். மழை வந்தால் நாற்று என்ன ஆகுமோ என்று கவலைப்படுகிற மனிதர் மீன்பிடிக் கிராமத்தில் வந்து மாட்டிக்கொண்டிருந்தார். தங்கமான மனிதர். அம்மை சொன்னதை முழுக்கக் கேட்டார். முதலில் முடியாது என்றுதான் சொன்னார். அம்மை தன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைக் காட்டினாள். அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. ஊருக்கு நேராக உள்ள கண்ணாடிகளைப் பலகை வைத்து ஏற்கனவே மறைத்துத்தான் இருந்தார்கள், வீடுகளில் இருப்பவர்கள் உறங்க வேண்டுமே என்று. உங்கள் வீடும் அந்தப் பக்கம்தானே, பலகையை அடுத்த ஒரு திரையை மட்டும் விலக்காமல் விட்டுவிட்டால் போயிற்று என்று அவரே வழி சொன்னார். அதற்காகத்தான் எங்களை மேலே கூட்டிப்போய்த் திரையைக் காட்டினார். அம்மை துணியைப் பரிசோதித்துச் சம்மதித்தாள்.

இரண்டு பேரும் செய்த கணக்கு இதுதான். லைட்ஹவுஸிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு தெரிகிறது. வீடு கரையில் இருக்கிறது. ஆகவே அந்தத் திசை கரை. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு மேடு கடலுக்குள் நாக்கை நீட்டியதுபோல இருக்கும் ஒரு துண்டு நிலம். அதைத் தாண்டியதும் கரை உள்ளே வளைந்துவிடும், கூரைக்கு அப்பால் மறுபடியும் கடல். மேற்கே வலை போட்டுவிட்டுத் திரும்பும் வள்ளங்கள் அந்தக் கடல் வழியாகத்தான் வரும். குருசுப்பாறை என்று நாங்கள் சொல்லும் பாறையைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப அவர்களுக்கு அந்த வெளிச்சம் வேண்டும். இதை எங்கள் ஊரில் மீசை முளைக்காத பையனிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். ஆனால் லைட்ஹவுஸ் சார் வயல்காட்டு மனிதர், கடலில் கால் நனைத்ததோடு சரி. அம்மையும் அப்படித்தான். கடற்கரையில் பிறந்து, கடற்கரையில் வாழ்க்கைப்பட்டு, மீனைத் தொடாமல் ஒரு நாள் கழியாதவள் ஒரு தடவைகூட வள்ளத்தில் ஏறியதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறும் வழக்கமே இல்லை. கடலில் நின்று பார்த்தால் கரை எப்படித் தெரியும் என்பது ஆண்களுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தொட்டில் விவகாரத்தையெல்லாம் ஆம்பளையிடம் கேட்பார்களா என்று அவள் கேட்கவில்லை.

தம்பி உறங்கினான். அம்மை முகத்தில் சிரிப்பு வந்தது. கூடையின் அடியில் இலைக்குள் ஒளித்து வைத்த நல்ல நவரை மீன் லைட்ஹவுஸ் சார் வீட்டுக்குப் போனது.

சில நாள் கழிந்து ஒரு சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. செபமாலை மணி அடித்து முடிந்தும் அப்பாவின் வள்ளம் வரவில்லை. தெற்கே போன வள்ளங்கள் எல்லாம் கரை ஏறிவிட்டன. அம்மை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடப்புறத்து மணலில் நனைந்தபடி நின்றாள், நான் அவள் பக்கத்தில் நின்றேன். நன்றாக இருட்டிய பிறகு வள்ளம் வந்தது. முன்பக்கப் பலகை பிளந்திருந்தது. அப்பாவின் கூட்டாளி, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், தோள் மூட்டு இறங்கிப்போய் வள்ளத்துக்குள் படுத்திருந்தார். அவரைத் தூக்கி இறக்கும்போதே கடப்புறத்தில் கேள்வி எழுந்தது, இத்தனை வருட அனுபவத்தில் குருசுப்பாறையில் எப்படிப் போய் இடித்தாய் என்று.

"வெட்டம் இல்ல" என்றார் அப்பா. வெட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் வெளிச்சம். "மேக்கேருந்து திரும்பினதும் வெட்டத்தக் காணல. கொஞ்சம் கெழக்க வந்தா இருக்கு. எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சான்னு நெனச்சேன்."

தங்களுக்கும் இரண்டு மூன்று நாளாக அப்படித்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள். மழை மூட்டம் என்று விட்டுவிட்டார்களாம். நான் அம்மையைப் பார்த்தேன். அவள் வாய் பாதி திறந்திருந்தது. தம்பியை என் இடுப்பில் வைத்துவிட்டு லைட்ஹவுஸ் பக்கம் திரும்பி நடந்தாள். அவளுக்குப் பின்னால் தம்பியைச் சுமந்துகொண்டு நானும் ஓடினேன். கோபுரத்துப் படிகளில் அவளுடைய ஈரக் காலடிகள் எனக்கு முன்னால் ஏறிப்போயின. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது லைட்ஹவுஸ் சார் ஒன்றும் புரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"தொறங்க சாரே. அந்தப் பக்கம் கடலாக்கும்."

அவர் அசைவதற்குள் அவளே திரையைப் பிடித்து இழுத்தாள். வெளிச்சம் சுற்றி வந்து அந்தக் கண்ணாடியைத் தாண்டி மழைக்குள் போயிற்று. எங்கள் வீட்டுக் கூரை ஒரு நொடி பளிச்சென்று தெரிந்து மறைந்தது. வள்ளம் பாறையில் இடித்ததை அம்மை சொன்னதும்தான் லைட்ஹவுஸ் சாருக்கு விஷயம் விளங்கியது. யாருக்கும் உயிர் போகவில்லையே, போகவில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஊர்க் கமிட்டி சும்மா இருக்குமா. விளக்கை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவரை இங்கிருந்து மாற்ற வேண்டும், மேலே எழுதிப்போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் என்று பேச்சு வந்தது. எழுதிப்போட்டால் மாற்றல் மட்டுமில்லை, வேலையே போகும் என்றார்கள். அம்மை லைட்ஹவுஸ் சாரைப் போய்ப் பார்த்தாள். அவர் சமாதானமாகவே பேசினார். துணி அறுந்து தொங்கியது, கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன், உங்கள் பெயரை எடுக்க மாட்டேன், நீங்கள் இந்த ஊரில் இருக்க வேண்டியவர்கள் அக்கா என்றாராம். அம்மை திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பயம் கமிட்டியிடம் இல்லை. தோள் இறங்கியவரின் மனைவி அவளுடைய உயிர்த் தோழி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கூடை தூக்கிப் போவார்கள், ஒரே இலையில் சாப்பிடுவார்கள். வாயை மூடிக்கொண்டால் அந்தத் தோழி இருப்பாள், ஒரு நல்ல மனிதரின் வேலை போகும். வாயைத் திறந்தால் அவர் தப்பிப்பார், தோழி போய்விடுவாள். இதில் பேரம் பேச வழியில்லை. அன்றைக்குத்தான் அம்மை பேச்சில்லாமல் இருந்து நான் பார்த்தேன், எனக்கு அது வள்ளம் வராத சாயங்காலத்தைவிடப் பெரிய பயமாக இருந்தது.

கூட்டம் மாதா கோயில் முற்றத்தில் நடந்தது. ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். பெண்கள் கேட்கலாம், பேசுவதில்லை. லைட்ஹவுஸ் சார் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, துணி அறுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், நாக்கு குழறியது. அம்மை தம்பியோடு நடுவில் வந்து நின்றாள்.

"சாரு மேல ஒண்ணும் இல்ல. எனக்க பிள்ளைக்கு ஒறக்கம் வரல்லன்னு நாந்தான் போய்ச் சொன்னேன். அந்தப் பக்கம் கடல் கெடக்குன்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. என்ன செய்யணுமோ எனக்குச் செய்யுங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்து வீட்டு மாமியைத்தான் பார்த்தேன், அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய புருஷன், கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த மனிதர், வலியோடு எழுந்தார். லைட்ஹவுஸ் சாரிடம் கடலில் எப்போதாவது போயிருக்கிறீர்களா என்று கேட்டார். அவர் இல்லை என்றார். அம்மையைப் பார்த்து அதையே கேட்டார். அவளும் இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்பம் எழுதிப்போட்டு என்ன பிரயோசனம்? அடுத்தாப்புல வாறவரும் கடல் பாக்காதவருதான். ரெண்டு பேரையும் வள்ளத்துல ஏத்திக் கொண்டுபோய்க் காட்டுங்க. அதாக்கும் தண்டனை."

கமிட்டித் தலைவர் உடனே எழுந்து, சாரை ஏற்றலாம், பொம்பளையை எப்படி ஏற்றுவது, ஊர் வழக்கம் என்ன ஆகும் என்று ஆட்சேபித்தார். அப்போதுதான் அப்பா நிமிர்ந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"திருநாளுக்கு மாதாவ வள்ளத்துல ஏத்தித்தானே கொண்டு போறோம். அவிய பொம்பள இல்லியா?"

பங்குச் சாமியார் இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்தார். கமிட்டித் தலைவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்ததும் பக்கத்து வீட்டு மாமி நேராக அம்மையிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். தம்பியைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லியிருந்தால் நான் எடுத்து உறக்கியிருக்க மாட்டேனா என்று திட்டினாள். திட்டிக்கொண்டே வீடுவரை வந்தாள். அம்மை அழுதுகொண்டே நடந்தாள். எனக்கு அந்தத் திட்டு அவ்வளவு இனிமையாக இருந்தது.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அப்பாவின் வள்ளம் இரண்டு புது ஆட்களோடு போனது. ஊரே கடப்புறத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. லைட்ஹவுஸ் சார் போகும்போதே வாந்தி எடுக்க ஆரம்பித்து, திரும்பும்வரை நிறுத்தவில்லை என்று அப்பா பிறகு சொன்னார். அம்மை இறங்கி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னாள்: "நம்ம வீட்டுக்க மேல கூடியாக்கும் அந்த வெட்டம் போவுது." அப்பா மறுநாள் உத்திரத்தில் வேறிடத்தில் கயிறு கட்டித் தொட்டிலைச் சுவர் மறைவுக்கு மாற்றினார். தம்பி நிம்மதியாக உறங்கினான். இத்தனை களேபரத்துக்கும் ஒரு கயிறு மாற்றிக் கட்டியிருந்தால் போதும் என்று அவர் அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மையைப் பேச்சில் மடக்க அவருக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அது.

அந்த வருடமே பக்கத்து வீட்டு மாமி தன்னையும் ஏற்றச் சொல்லிப் புருஷனிடம் சண்டை போட்டாள். அடுத்து இன்னொருத்தி கேட்டாள். எங்கள் ஊரில் இப்போது கல்யாணமாகி வரும் பெண்ணை ஒரு சாயங்காலம் வள்ளத்தில் ஏற்றிக் கடலில் நின்று லைட்டைக் காட்டுவது சாதாரண வழக்கம். எப்படித் தொடங்கியது என்று இளசுகளுக்குத் தெரியாது, ஏதோ பழைய சம்பிரதாயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்பா இப்போது இல்லை. லைட்ஹவுஸ் சார் பதவி உயர்வோடு எத்தனையோ கரைகளுக்குப் போய்விட்டுச் சொந்த ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் போன் செய்வார். தம்பிக்குச் சொந்த வள்ளம் இருக்கிறது, அதில் ஜிபிஎஸ் இருக்கிறது. இருந்தும் திரும்பும்போது லைட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போன் போட்டுச் சோறு எடுத்து வைக்கச் சொல்வான்.

போன வருடம் அவனுக்குக் கல்யாணம். பெண் மார்த்தாண்டத்துக்காரி, கடைக்காரர் மகள், நர்ஸ் படித்தவள். லைட்ஹவுஸ் சார் தலை முழுக்க நரைத்து வந்திருந்தார், நெற்றியில் அதே நாமம். மறுநாள் சாயங்காலம் வள்ளத்துக்குக் கூப்பிட்டோம். எனக்கு ஒரு தடவை போதும் என்று கும்பிட்டுவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டார். தம்பி, அவன் மனைவி, அம்மை, நான். புதுப்பெண் பயத்தில் அம்மையின் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். குருசுப்பாறையைச் சுற்றி மேற்கே வந்து தம்பி எஞ்சினை நிறுத்தினான். அலை வள்ளத்தைத் தூக்கித் தூக்கி இறக்கியது. குன்றில் லைட் போட்டுவிட்டார்கள். வீச்சு ஒன்று எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலாக வந்து எங்களைத் தாண்டிப் போனது.

கதை தம்பி சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நீங்க மூடினது எந்தப் பக்கம் மாமி?" என்று கேட்டாள்.

அம்மை கரைப் பக்கம் திரும்பினாள். பிறகு வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, தன் கண்ணுக்கும் மருமகள் கண்ணுக்கும் நேராகப் பிடித்தாள்.

"இம்புடுதான் மக்கா" என்றாள்.

அந்தக் கைக்குப் பின்னால் கோபுரம் போயிற்று, குன்று போயிற்று, எங்கள் வீடும் போயிற்று. அவள் கையை எடுக்கவில்லை. தம்பி எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். மருமகள் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெட்டம் சுற்றி வந்து எங்கள் நாலு பேர் முகத்திலும் விழுந்தது.